487 வகை விமானங்களை ஓட்டிய ஒரே விமானி!

வணக்கம் நண்பர்களே! தளம் முழுக்க ரப்பர் மெத்தை. அதன் மேல் சக்கரம் கீழே இறங்காமல், வயிற்றால் வந்து இறங்குகிறது ஒரு போர் ஜெட். வரைகலை என்று நினைத்துவிடாதீர்கள். 1948-இல் 'வாரியர்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலில் நடந்த சோதனை இது. ஓட்டியவர் எரிக் பிரவுன்.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1919-இல் பிறந்தார். கடற்படை விமானி ஆனார். 1941 டிசம்பரில் அவர் இருந்த 'ஆடாசிட்டி' கப்பல் டார்பிடோ தாக்கி மூழ்கியது, உயிர் தப்பினார். பிறகு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி மையத்தில் சோதனை விமானி.

[திரையில்: 487]

487 வகை விமானங்கள்! இன்றுவரை உலக சாதனை. 'ஸ்பிட்ஃபயர்' என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தில் மட்டும் 14 மாதிரிகளை ஓட்டியிருக்கிறார். ஆனால் அத்தனையும் இந்தப் பட்டியலில் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. கப்பல் தளத்தில் இறங்கியது 2,407 தடவை.

என்னை மலைக்க வைப்பது 1945 டிசம்பர் 3. 'ஓஷன்' கப்பலில் 'வாம்பயர்' விமானத்தை இறக்கினார். முழு ஜெட் விமானம் ஒன்று கப்பலில் இறங்கியது உலகிலேயே அதுதான் முதல் முறை. இதில் என்ன கஷ்டம்? பழைய விமானத்தில் விசையைக் கூட்டினால் சுழலி (புரொப்பெல்லர்) உடனே காற்றை இறக்கை மேல் தள்ளும், விமானம் தூக்கிக்கொள்ளும். அந்தக் கால ஜெட் இயந்திரம் ஈர விறகு மாதிரி. நாம் எவ்வளவு அவசரமாக ஊதினாலும், அது தன் நேரத்துக்குத்தான் பற்றும். தளமோ அலையில் மேலும் கீழும் ஆடுகிறது. தாழ்ந்துவிட்டோம் என்று கடைசி நொடியில் தெரிந்தால், மேலே ஏற இயந்திரம் கைகொடுக்காது. பிரவுன் இறக்கிக் காட்டினார்!

இனி ரப்பர் தளம். சக்கரமும் அதன் கால்களும் கனமானவை. அவற்றை எடுத்துவிட்டால் விமானம் இலகுவாகும், கூடுதல் எரிபொருள் ஏற்றலாம் என்பது யோசனை. 1947 டிசம்பரில் ஃபார்ன்பரோவில் தரையிலேயே ஒத்திகை பார்த்தார்கள். விமானம் சட்டென்று தாழ்ந்து மோதிச் சேதமடைந்தது. பிரவுன் பிழைத்தார். மறுபடியும் அதே வேலைக்குப் போனார்! பின்னால் தொங்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பற்ற, விமானம் மெத்தையில் விழுந்து நின்றது. சோதனை வெற்றி, திட்டம் தோல்வி. இறங்கிய விமானத்தைத் தளத்தில் உருட்ட முடியாதே! கிரேன் வைத்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். அதுவரை அடுத்த விமானம் வானத்தில் காத்திருக்குமா?

இவரை வெறும் துணிச்சல்காரர் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். புதிய விமானத்தில் ஏறும் முன் அதன் குறிப்புகளைக் கரைத்துக் குடித்துவிடுவார். ஜெர்மன் மொழி சரளமாகத் தெரியும் என்பதால், போர் முடிந்ததும் கைப்பற்றிய ஜெர்மன் விமானங்களைச் சோதிக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. ஒன்றோடொன்று கலந்தாலே வெடிக்கும் இரண்டு திரவங்களால் பறக்கும் 'கோமெட்' ராக்கெட் விமானத்தையும் ஓட்டினார். ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங்கையே விசாரித்திருக்கிறார்; அது தனி வீடியோவுக்கான கதை.

1970-இல் ஓய்வு பெற்றார். 2016-இல், 97 வயதில் காலமானார்.

ஆடும் கப்பலில் ஜெட்டை இறக்குவதா, ரப்பர் தளத்தில் வயிற்றால் இறங்குவதா, எது கடினம்? கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். கோரிங் கதை வேண்டும் என்பவர்கள் அதையும் சொல்லுங்கள், அடுத்த வாரமே போட்டுவிடலாம்.