மேன் ஆஃப் ஸ்டீல்: கண்ணுக்கு விருந்து, கதைக்குப் பஞ்சம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். 2013இல் ஸாக் ஸ்னைடர் இயக்கத்தில் வெளிவந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ என்ற சூப்பர்மேன் படத்தைக் குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றாலும், அதற்குரிய பாராட்டை முதலில் கொடுத்துவிடுவதே முறை. சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகத்தின் தொழில்நுட்பத்தால், எண்ணற்ற உலோக மணிகள் எழுந்து திரண்டு, பேசுபவரின் முகமாகவும் அழிந்துபோன வரலாற்றின் புடைப்புச் சிற்பமாகவும் மாறுகிற காட்சி கற்பனையின் உச்சம். சூப்பர்மேன் கைமுட்டியைத் தரையில் ஊன்ற, சுற்றிலும் பனித்துகள்கள் அதிர்ந்து மேலெழ, ஹான்ஸ் ஸிம்மரின் இசையோடு அவன் விண்ணில் பாயும் இடத்தில் மெய்சிலிர்க்காதவர்கள் குறைவு.

ஆனால் வளர்ப்புத் தந்தை ஜோனதனின் மரணத்தைப் பாருங்கள். 1978இல் ரிச்சர்ட் டானர் எடுத்த படத்தில் அவர் மாரடைப்பால் இறக்கிறார்; இவ்வளவு ஆற்றல் இருந்தும் அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற மகனின் துயரம் அந்த ஒரே நிகழ்வில் முழுமை பெறுகிறது. ஸ்னைடரின் படத்திலோ, காருக்குள் சிக்கிய நாயை மீட்கப்போய்ச் சுழல்காற்றில் மாட்டிக்கொண்ட தந்தை, தன் மகனின் ரகசியம் வெளிப்பட்டுவிடக் கூடாதென்று கையுயர்த்தித் தடுக்கிறார்; காப்பாற்ற முடிந்த மகன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். இது இன்னும் கனமான கதைக்கரு என்பதே என் கருத்து. அப்படி நின்றவன் பிறகு குற்றவுணர்வில் குமைந்திருக்க வேண்டும், அல்லது தந்தையின் மீதே சினந்திருக்க வேண்டும். ஆனால் அவரை நம்பியதால் சாகவிட்டேன் என்று கல்லறையருகே நாயகி லோயிஸிடம் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இளமைப் பருவம் முழுவதையும் துண்டு துண்டான நினைவோட்டங்களாக வெட்டிவிட்டதால், எந்த உணர்ச்சியும் வேர்பிடிக்கும் முன்பே அடுத்த காட்சி வந்து நிற்கிறது.

இறுதிப் போரிலும் இதே குறைதான். மெட்ரோபோலிஸ் நகரின் வானளாவிய கட்டடங்கள் சரிந்து தூளான இடத்தில் நாயகனும் நாயகியும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். சற்று நேரத்தில் வில்லன் ஸாடின் கழுத்தை முறிக்கும் சூப்பர்மேன் நெஞ்சு வெடிக்க அலறுகிறான். அடுத்து ஒரு ராணுவத் தளபதியோடு வேடிக்கைப் பேச்சு, பக்கத்தில் நிற்கும் பெண் அதிகாரியின் ரசனைப் புன்னகை! அலறல் எங்கே போயிற்று?

இந்தக் கடனை அடுத்த படம்தான் ஓரளவு அடைத்தது. 2016இல் வந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படத்தின் தொடக்கத்தில், அதே அழிவின் நடுவே புழுதியில் ஓடிவரும் புரூஸ் வெய்ன், அதாவது பேட்மேன், ஒரு சிறுமியை மீட்டு உன் அம்மா எங்கே என்று கேட்க, அவள் இடிந்த கட்டடத்தைச் சுட்டிக்காட்டுகிறாள். அந்தச் சிறுமி முதல் படத்திலேயே வந்திருக்க வேண்டியவள்.