யாழ்ப்பாணத்து வளவில் கறிவேப்பிலை: நடுவதும் வெட்டுவதும் தாளிப்பதும்

[காட்சி: வெயிலுக்கு எதிரே பிடித்த ஒற்றை இலை, மிக அருகில்]

வணக்கம். கறிவேப்பிலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பச்சைக்குள் ஊசிமுனை அளவில் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். தேசி, தோடை, வில்வம், விளாத்தி ஆகியவற்றின் இலைகளிலும் இத்தகைய புள்ளிகள் உண்டு, ஏனெனில் இவை அனைத்தும் ரூட்டேசியே என்னும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் தேடும் வாசம் அந்தப் புள்ளிகளுக்குள்தான் இருக்கிறது. மரத்தைப் பேணுவதிலும் சமைப்பதிலும் கவனிக்க வேண்டியவற்றுள் பெரும்பாலானவை அந்த எண்ணெயைச் சார்ந்தவையே.

[காட்சி: கிணற்றடி, தாய் மரத்தைச் சுற்றிக் கிளம்பிய கன்றுகள்]

கன்றுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. வளர்ந்த மரத்தின் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவற்றுள் தனக்கென வேர் பிடித்த ஒன்றை, ஐப்பசியில் மாரி மழை தொடங்கியதும், மண்ணோடு சேர்த்துத் தோண்டி நடலாம். விதையிலிருந்து வளர்ப்பதானால் கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கிவிட்டு உடனே விதைக்க வேண்டும், ஏனெனில் இதன் விதை உலர்ந்தால் முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும். பழத்தைத் தின்னும் குயில்கள் இந்த வேலையை நம்மைவிட நன்றாகவே செய்கின்றன.

நீர் தேங்கும் இடத்தில் நடுவது நல்லதன்று. குசினியிலிருந்து அரிசியும் மீனும் கழுவிய நீர் பாய்வதால் தீங்கில்லை. சவர்க்கார நீரை மட்டும் வேறு பக்கமாகத் திருப்பிவிட வேண்டும்.

[காட்சி: மஞ்சளான தளிர், நரம்புகள் மட்டும் பச்சை]

நம் குடாநாட்டில் அடிக்கடி காணும் குறை இதுதான். நமது மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்று நீரிலும் சுண்ணாம்பு மிகுதி. மண்ணின் காரத்தன்மை கூடும்போது, அதில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. அதனால் இளம் இலைகள் மஞ்சளாக, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. அதற்கு எரு போதும். இரும்புக் குறைக்கு எருவோடு, இலையில் தெளிக்கும் இரும்புச் சத்துக் கரைசலும் உதவும். அடுப்புச் சாம்பலை மரத்தடியில் கொட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சாம்பலும் காரமானது என்பதால், சுண்ணாம்பு மண்ணில் அதைத் தவிர்ப்பதே நன்று.

[காட்சி: தளிரில் ஒரு புழு]

இலையில் குருவி எச்சம் போலக் கிடக்கும் இது எச்சமன்று. தேசி மரத்திலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற கொம்பை நீட்டி, கடுமையான வாடையைக் கிளப்பும். சிறு கன்றாயின் சில நாட்களில் மொட்டையடித்துவிடும். உணவுக்குப் பறிக்கும் இலை என்பதால், மருந்து தெளிப்பதைவிடக் கையால் பொறுக்கி அகற்றுவதையே நான் பரிந்துரைப்பேன்.

[காட்சி: கத்தரிக்கோல், நுனி வெட்டப்படும் கிளை]

வெட்டுவதில்தான் நம்மவர்களுக்குத் தயக்கம். கைக்கு எட்டும் கிளைகளில் தனியிலைகளை உருவிக்கொண்டே இருந்தால், அடி வெறுமையாகி, மரம் உயர்ந்து, கடைசியில் தடி கொண்டு பறிக்க வேண்டிவரும். நெட்டோடு ஒடிப்பதும், நுனிகளைத் துணிந்து வெட்டுவதும், பூங்கொத்து வந்தவுடன் கிள்ளிவிடுவதுமே மரத்தைப் பற்றையாக வைத்திருக்கும் வழி. வெட்டிய இடத்தின் கீழே பல தளிர்கள் கிளம்பும்.

[காட்சி: தாச்சியில் கடுகு வெடிக்கிறது]

இனிச் சமையல். இலையின் வாசப் பொருட்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. கொழுப்பில் நன்கு கரையும். தாளிதத்தின் பயன் அதுவே. கடுகு வெடித்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதங்கிய பின்னர், ஈரம் துடைத்த இலையைக் கடைசியாகப் போட்டு, அது சடசடத்து அடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கருகவிட்டால் மிஞ்சுவது கசப்பு.

சொதிக்கு எண்ணெய் தேவையில்லை. வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம் ஆகியவற்றோடு ஓர் இணுக்கு இலையையும் தண்ணிப்பாலில் வேகவிட்டு, முதற்பாலைச் சேர்த்துக் கொதி வரும் முன்னரே இறக்கி, தேசிப்புளி விட்டால், தேங்காய்ப்பாலின் கொழுப்பே அந்த வாசத்தை வாங்கிக்கொள்ளும்.

நமது கறித்தூளுக்கு மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் ஆகியவற்றோடு கறிவேப்பிலையையும் நொறுங்கும்வரை வறுத்து இடிக்கிறோம். அந்த வறுவலில் பச்சை வாசத்தின் பெரும்பகுதி போய்விடும். ஆகவே தூளில்தான் இலை இருக்கிறதே என்று எண்ணிக் கறியில் இலையைக் குறைக்கக் கூடாது.

[காட்சி: வெட்டிய கிளைகள், ஒரு டப்பா]

ஒரே நாளில் நிறைய வெட்டினால், மிகுந்ததை ஈரமின்றித் துடைத்து, நெட்டோடு டப்பாவில் அடைத்து உறைபெட்டியில் வைக்கலாம். நிறம் சற்று மங்கினாலும் வாசம் பெரும்பாலும் நிற்கும். கடும் வெயிலில் காய்ந்த இலையில் எண்ணெய் மிகவும் குறைந்துவிடும். உலர்த்தத்தான் வேண்டுமென்றால் நிழலில் உலர்த்தி, அடுத்த முறை தூள் இடிக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.