மூச்சுக்குப் படித்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாள்பட்ட நுரையீரல் நோயைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்தார்கள். அந்த நோயாளிகளை மாதாமாதம் பார்க்கிற செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், ஊர் மருத்துவர் ஆகியோர் வேலைக்கு வந்த பின்னும் படிக்க வேண்டிய முதுநிலைப் பயிற்சியைப் பற்றிப் பேசுகிறேனே என்று கேட்டு, இந்தப் பதினைந்து நிமிடத்தை வாங்கிக்கொண்டேன்.

நம் இராமநாதபுரம் கடற்கரையில் இளைப்பு என்று வருகிறவர்கள் எல்லாரும் பீடி குடித்தவர்கள் அல்லர். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டு, அந்தப் புகையிலேயே நின்று பிழைத்தவர் வருகிறார். அதே கருவை விறகில் முப்பது, நாற்பது ஆண்டு உலை வைத்த, பீடியைக் கையால் தொட்டறியாத பெண் வருகிறார். காசநோய் குணமாகியும் நுரையீரலில் தழும்பு தங்கிப்போனவர் வருகிறார். இவர்கள் அனைவருக்கும் 'வீசிங்' என்ற ஒரே பெயரைச் சூட்டி, ஓர் ஊசியைப் போட்டு அனுப்பிவைப்பதே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. ஆஸ்துமாவில் சுருங்கிய மூச்சுக்குழாய் மருந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு விரியும். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் முழுமையாக விரியாது. இந்த வேறுபாட்டைப் பிரித்தறியத் தெரிந்தவர் நோயாளியின் ஊருக்கு அருகில் இருக்க வேண்டும்.

நுரையீரல் மருத்துவத்தில் எம்.டி. படிக்க மூன்று ஆண்டுகள் ஆகும். இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது நமக்குப் பெரிய பலம். ஆனாலும் எத்தனை நிபுணர்கள் வந்தாலும், நோயாளி அவர்களிடம் இருக்கும் நேரம் சில நிமிடங்கள்தாம். மீதி மாதம் முழுவதும் அவர் மருந்து வாங்கும் சன்னலிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், வீடு தேடி வருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளரிடமும் இருக்கிறார். ஆகவே முதுநிலைப் படிப்பு என்றவுடன் மருத்துவரை மட்டும் நினைப்பது சரியன்று என்பது என் உறுதியான எண்ணம்.

இனி, என்னோடு பழகியவர்கள் எதிர்பார்த்திருக்கும் விஷயத்திற்கு வந்துவிடுகிறேன்: இன்ஹேலர். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் நான்கு மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது நூறு மைக்ரோகிராம், அதாவது மாத்திரையின் நாற்பதில் ஒரு பங்கு. மருந்து நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால்தான் அவ்வளவு சிறிய அளவு போதுமானதாகிறது. மாத்திரையில் வருகிற கை நடுக்கமும் படபடப்பும் பெரிதும் குறைகின்றன. ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போனால்தானே?

ஒரு செவிலியர் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். கரிமூட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், கருவியில் போட்டு இழுக்க வேண்டிய காப்ஸ்யூலைத் தவறாமல் வந்து வாங்கிப் போவாராம். இளைப்பு மட்டும் குறையவில்லை. மருந்தின் அளவைக் கூட்டினார்கள், வேறு மருந்துக்கு மாற்றினார்கள், பயனில்லை. பயிற்சி முடித்துத் திரும்பியிருந்த இந்தச் செவிலியர், "அய்யா, வீட்டில் எப்படிப் போடுகிறீர்களோ அப்படியே எனக்குப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் காப்ஸ்யூலைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, "குடிக்கத் தண்ணீர் கொடும்மா" என்றாராம். அத்தனை மாதமும் அவர் அதை விழுங்கித்தான் வந்திருக்கிறார். கருவி அட்டைப்பெட்டியில் புதிதாகவே இருந்தது. பெரியவர் மீது எந்தக் குறையும் இல்லை. மருந்து கொடுத்தவர் யாரும் செய்து காட்டவில்லை, செய்யச் சொல்லிப் பார்க்கவும் இல்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: செய்து காட்டவும், செய்யச் சொல்லிப் பார்க்கவும் வேண்டும். பொடியை இழுக்கும் கருவியில் வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும்; அழுத்தும் கருவியில் மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். இழுத்த பிறகு பத்து விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும், முடியாதவர்கள் முடிந்தவரை பிடிக்கலாம். பாம்பன் பக்கத்துப் பெண் ஒருவருக்கு இது விளங்கவில்லை. பாசி எடுக்க முங்கும்போது பிடிப்பதுபோல் பிடியுங்கள் என்றவுடன் விளங்கிவிட்டது. ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் இந்த ஐந்து நிமிடத்தைத் தேர்வில் வைக்காத படிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். நோய்க்கூறியலில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவர், கருவியைக் கையில் கொடுத்தால் மூடியைத் திறக்கத் தடுமாறுவார்.

அடுத்தது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை. அதன் வளைகோட்டைப் படம் வரைந்துதான் விளக்க முடியும் என்பதால் வானொலியில் விட்டுவிடுகிறேன். ஊதி வெளியேற்றிய மொத்தக் காற்றில் முதல் விநாடியில் வந்த பங்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் பத்தில் ஏழு பங்குக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று கொள்கிறோம். நோயாளி பாதியில் நிறுத்தினாலோ, உதட்டோரம் காற்றுக் கசிந்தாலோ எந்திரம் தவறான எண்ணைத்தான் காட்டும். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று ஊக்குவிப்பதும் கற்றுத்தர வேண்டிய தொழில்திறன்தான்.

இப்பயிற்சிக்கு வேலையை விட்டு மதுரைக்கோ சென்னைக்கோ போ என்றால், தொண்டியிலும் மண்டபத்திலும் வேலை பார்க்கிறவர்கள் போகமாட்டார்கள். பாடத்தை இணையவழியில் நடத்தி, கைப்பழக்கத்தை மாவட்டத்திலேயே கொடுத்து, தன் பணியிடத்து நோயாளிகளின் குறிப்பேட்டையே தேர்வுத் தாளாகக் கொண்டால் படிப்பும் சிகிச்சையும் ஒன்றாக நடக்கும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இன்ஹேலருக்கே நேரம் போய்விட்டது. ஆக்ஸிஜனை அதிகம் கொடுத்தால் அதிக நன்மை என்று எண்ணக் கூடாது. இந்த நோயாளிகள் பலருக்கு இரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு 88 முதல் 92 விழுக்காடு என்பதே இலக்கு என்பதை ஆம்புலன்ஸ் பணியாளரும் படித்திருக்க வேண்டும். கடைசியாக, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. நடையும் உடற்பயிற்சியும் சேர்ந்த அப்பயிற்சி ஆறு முதல் எட்டு வாரம் நடக்கும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இருக்கிறது. கடலுக்குப் போகாமல் மீனவர் கரையில் இருக்கும் அந்த நாட்களில், இயன்முறை மருத்துவர்கள் காலை வெயில் ஏறும் முன் இதைத் தொடங்கலாம் என்பது என் யோசனை. அதை விரிவாகச் சொல்ல இன்று நேரமில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாரேனும் இன்ஹேலர் எடுப்பவராக இருந்தால், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோய், நீங்கள் எடுக்கும் முறையைப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.