ஒரு சுவர் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நற்பணிச் செயற்குழு அன்பர்களே, ஓயாத அலுவலுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்திலும் பத்து நிமிடத்தை அன்போடு எடுத்துக்கொண்ட புலவர் ஐயா அவர்களே, பின்னால் வடை வாசம் பிடித்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள். மூன்று செய்தி சொல்ல வந்தேன்: ஒரு சுரங்கத் தொழிலாளி, இங்கிலாந்தில் அவரைப் போன்ற சுரங்கத்தார், நம்ம அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம்.

ஜப்பானில் சிக்குஹோ என்ற நிலக்கரிப் பூமி. அங்கே 1892இல் பிறந்தவர் சாகுபே யமாமோட்டோ. அப்பா ஆற்றில் கரி ஏற்றிய படகுக்காரர். ரயில் வந்தது, படகுப் பிழைப்பு போனது, குடும்பம் சுரங்கத்துக்கு வந்தது. ஏழு வயதில் பையன் உள்ளே இறங்கிவிட்டான். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த வேலைதான். அறுபதைத் தாண்டி, இரவுக் காவலுக்கு உட்கார்ந்த காலத்தில் தூரிகையை எடுத்தார். எதற்கு? பேரப்பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று! புருஷன் ஒருக்களித்துப் படுத்துக் கரி வெட்டுவான், பெண்டாட்டி அதை இழுத்துக்கொண்டு போவாள். எல்லாவற்றையும் நினைவிலிருந்தே வரைந்தார். தாளில் காலியாகக் கிடந்த இடத்திலெல்லாம் விளக்கமும் எழுதினார். 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஜப்பானிலிருந்து முதன்முதலில் ஏறியது இவருடைய தொகுப்புதான். மொத்தம் 697 உருப்படி, அதில் ஓவியம் 589. அரண்மனை ஏடு இல்லை ஐயா, கரிக்காரர் போட்ட படம்! பெரும்பகுதியை தகாவா நகரத்து அருங்காட்சியகம் காத்து வைத்திருக்கிறது. சுவர் கொடுத்தார்கள், சித்திரம் நின்றது.

என் பெரியப்பா சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்குத் துரு தட்டியவர். கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு நாள் முழுக்கச் சுத்தியலால் தட்டுவாராம். வீட்டில் யாராவது மெதுவாகப் பேசினால் அவருக்குக் காது கேட்காது. சம்பளம் என்றால் மட்டும் கேட்கும். எழுபது வயதில் அவரை ஓர் ஓவிய வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். பூச்சாடியை வரையச் சொன்னது அந்த ஆசிரியைப் பெண். பெரியப்பா தாள் முழுக்கக் கப்பலின் அடிவயிற்றைப் போட்டார். “தாத்தா, பூ எங்கே?” “பூவ நான் பாத்ததே எம் பொண்டாட்டி கொண்டையிலதான்.” “சரி, கப்பல்னா கடல் எங்கே?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, தண்ணிய இறைச்சப்புறம்தானே டாக்குல எங்களுக்கு வேலையே!” வகுப்பே சிரித்தது. அந்தத் தாளை நான் பத்திரப்படுத்தவில்லை. வீடு மாறியபோது பழைய பேப்பரோடு போயிருக்கும். பெரியப்பாவும் போய்விட்டார்.

இரண்டாவது செய்தி: இங்கிலாந்தில் ஆஷிங்டன் சுரங்கத்தார் 1934இல் ஓவிய வகுப்புக்குச் சேர்ந்த கதை. நார்மன் கார்னிஷ் 14 வயதில் சுரங்கத்துக்குப் போய், 1966இல் அதை விட்டு முழுநேர ஓவியரான கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதற்குத் தனிக்கூட்டம் போடுவோம்.

மூன்றாவது செய்தி, நம்ம புளோக்கின் கீழ்த்தளம். அங்கே நான் கேட்பது ஒரு சுவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தண்டவாளத்தில் நின்றவர், சாக்கடை வெட்டியவர் எல்லாம் இன்னும் நம் புளோக்குகளில் இருக்கிறார்கள். காலையில் கீழே வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் பென்சிலைக் கொடுங்கள், வரைந்ததை மாட்ட இடம் கொடுங்கள். ஓர் இடத்தில் கேட்டேன், சுவர் அழுக்காகும் என்றார்கள். இப்போது அந்தச் சுவரில் என்ன இருக்கிறது? ‘பந்து விளையாடாதே.’ சுவரை வைத்துத்தானே ஐயா சித்திரம்!

மனு தேநீர் மேசையில், வடைத்தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.