கயிறு இழுத்தும் ஜெனரேட்டர் பிடிக்கலையா? கார்புரேட்டரைப் பாருங்க

வணக்கம் மக்களே. ஐப்பசி மழை வரப்போகுது, அதான் இந்த வீடியோ. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ டெல்டாவுல பல ஊர்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. போர்வெல்ல தண்ணி ஏத்தவே ஜெனரேட்டர் தேடி அலைஞ்சாங்க. அந்த நேரத்துல மெஷின் ஸ்டார்ட் ஆகலன்னா எவ்வளவு கொடுமை!

இது எங்க தெரு டீக்கடை அண்ணனோட பெட்ரோல் ஜெனரேட்டர். போன மழைக்கு ஓடினது. இப்போ கயிறு இழுத்தா சுத்துது, ஆனா பிடிக்கல.

முதல்ல ஆயிலைப் பாத்துடுவோம். நிறைய மாடல்ல ஆயில் குறைஞ்சா சென்சாரே ஸ்பார்க்கை நிறுத்திடும். மேடு பள்ளத்துல வெச்சாலும் அதே கதைதான். இதுல ஆயில் சரியா இருக்கு.

அடுத்து ஸ்பார்க் பிளக், அதான் இன்ஜினுக்குள்ள பொறி விடுற பாகம். நாலஞ்சு தடவை இழுத்துட்டு கழட்டுறேன்... பாருங்க, காஞ்சு கிடக்கு. அப்போ பெட்ரோலே உள்ள வரல. ஈரமா இருந்திருந்தா ஸ்பார்க்கைத்தான் சந்தேகப்படணும்.

இப்போ டேங்க்ல இருந்து பெட்ரோல் வர்ற வால்வை, அதான் பெட்ரோல் காக், மூடிட்டு, பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்புரேட்டர் அடியில இருக்குற இந்த கப்பைக் கழட்டுறேன். அப்பா, பழைய பெயின்ட் டப்பா தொறந்த வாடை! அடியில பாருங்க, மஞ்சளா பிசின். பெட்ரோல் ஆவியாகிப் போக, மிச்சம் இப்படிப் படிஞ்சிடும். இப்போ பங்க்ல வர்றது எத்தனால் கலந்த பெட்ரோல், அது காத்துல இருக்குற ஈரத்தையும் இழுத்துக்கும். மாசக்கணக்குல நிறுத்தி வெக்கிற மெஷினுக்கு அது ஆகாது.

நடுவுல இருக்கே, இந்த பித்தளைத் துண்டு, இதுதான் மெயின் ஜெட், இதோட சின்ன ஓட்டை வழியாத்தான் பெட்ரோல் இன்ஜினுக்குப் போகும். வெளிச்சத்துல பிடிச்சா ஓட்டை தெரியணும், தெரியல. தயவுசெஞ்சு கம்பி, ஊசி விட்டுக் குத்தாதீங்க. ஓட்டை பெருசாயிட்டா பெட்ரோல் குடிச்சு கரும்புகை கக்கும். கார்ப் கிளீனர் அடிச்சு, ஊற வெச்சு, காத்து அடிங்க. சோக், அதான் காத்தைக் குறைக்கிற லிவர், அதைப் போட்டா ஓடுது, எடுத்தா நின்னுடுதுன்னாலும் பெரும்பாலும் இதே அடைப்புதான்.

புது பெட்ரோல் ஊத்தி, சோக் போட்டு இழுக்குறேன்... ஆங், பிடிச்சிடுச்சு!

ரெண்டு விஷயம் கெஞ்சிக் கேக்குறேன். மழைன்னு வீட்டுக்குள்ள, போர்ட்டிகோவுல வெக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். 20 அடியாவது தள்ளி, சைலன்சர் வீட்டைப் பாக்காத மாதிரி, மழை படாம வெளிய வெயிங்க. இன்னொண்ணு, ஒயரைக் கொண்டுபோய் சுவர் பிளக்ல சொருகாதீங்க. அந்தக் கரண்ட் பின்னாடி போயி டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறினா, கம்பத்துல வேலை செய்யுற லைன்மேனுக்கு 11,000 வோல்ட்டா அடிக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீட்டை வெளி லைன்ல இருந்து பிரிச்சு ஜெனரேட்டருக்கு மாத்துற சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடுங்க.

மழை முடிஞ்சு எடுத்து வெக்கும்போது ஸ்விட்ச்ல நிறுத்தாதீங்க. லோடை, அதாவது மாட்டியிருக்குற லைட்டு, மோட்டாரையெல்லாம் எடுத்துட்டு, பெட்ரோல் காக்கை மூடிட்டு, அதுவா நிக்கிற வரை ஓட விடுங்க. கப்புல இருக்குறது எரிஞ்சு தீந்துடும். டேங்க்ல இருக்குறதை சூடு ஆறினதும் வடிச்சு, பைக்ல ஊத்தி ஓட்டிடுங்க.