விரலுக்குத் துணி கட்டிவிட்டவள்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஏர்வாடிப் பக்கம் கடலில் பாசி எடுத்துப் பிழைக்கிறவள். மறக்க முடியாத ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலியில் இருந்து கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை, என் அண்ணன் மகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார்.

2022 கார்த்திகையில் அவள் போய்ச் சேர்ந்தாள். ஊரில் அவள் பேச்சு வந்தால், "பாவம், நெஞ்சுக் கோளாறு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வரும். அவள் எப்படிப்பட்ட பிள்ளை என்று தெரிந்தால் அப்படிச் சொல்வார்களா?

நாங்கள் எடுத்து வருகிற பாசியை மணலில் பரப்பிக் காயவைத்து, கிலோ கணக்கில் வியாபாரியிடம் போடுவோம். மரிக்கொழுந்துப் பாசிக்குத்தான் நல்ல விலை. ஐஸ்கிரீமிலும் மருந்திலும் சேர்க்கிற அகர் அதிலிருந்து வருகிறது. மூட்டை கனக்கும், தராசு மட்டும் குறைத்தே காட்டும். காய்ந்தால் எடை குறையத்தானே செய்யும் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவோம். ஒரு நாள் இந்தப் பிள்ளை, அப்போது அவளுக்கு 14 வயது, தையல் பிரிக்காத 10 கிலோ அரிசிப் பை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பையைத் தூக்கித் தராசில் வைத்தாள். முள் ஒன்பதைக்கூடத் தொடவில்லை.

"அண்ணே, அரிசிக்கடைக்காரர் பொய் சொல்றாரா, இந்தத் தராசு பொய் சொல்லுதா?"

சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் வாயடைத்துப் போனோம். மறுவாரம் வேறு தராசு வந்தது. அதற்கப்புறம் எங்கள் கணக்கு நோட்டு அவளிடம்தான்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைக் கையால் பிய்த்து எடுக்க வேண்டும். பாறை கையைக் கிழித்துவிடும் என்று பத்து விரலுக்கும் துணி சுற்றிக் கட்டிக்கொள்வோம். இடது கைக்கு நாமே கட்டிக்கொள்ளலாம், வலது கைக்குக் கட்ட இன்னொரு ஆள் வேண்டும். எனக்கு அவள்தான் கட்டிவிடுவாள். விடியாத இருட்டில், பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு, சுண்டு விரலில் ஆரம்பிப்பாள். முடிச்சு உள்ளங்கைப் பக்கம் வரக் கூடாது, பாறையில் மாட்டும் என்று வெளிப்பக்கமாகப் போடுவாள். "இறுக்குதா அத்தை?" என்று விரலுக்கு விரல் கேட்பாள்.

அவளுக்கும் கடலில் இறங்க ஆசைதான். பாம்பன் சின்னப்பாலத்தில் எங்களைப் போலப் பாசி எடுக்கிற லட்சுமி, தீவுகளின் இயற்கையைக் காப்பாற்றுகிறவர்களுக்குக் கொடுக்கிற சீகாலஜி விருதை 2015-இல் வாங்கினார். அந்தப் படத்தைப் பேப்பரில் இருந்து வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்தாள். அப்போது 9 வயது. அந்த வருடம்தான் நோயும் வந்தது.

முதலில் தொண்டை வலி. அது போன பிறகு காய்ச்சல் வந்தது, முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. வளர்கிற பிள்ளைக்கு மூட்டு வலிக்கத்தான் செய்யும் என்று நான்தான் சொன்னேன். தைலம் தேய்த்துவிட்டதும் நான்தான். 13 வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகே டாக்டர் விளக்கினார். ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயராம். பெரும்பாலும் 5 வயதிலிருந்து 15 வயதுக்குள் வருமாம். தொண்டைக்கு வந்த கிருமியோடு சண்டை போடுகிற உடம்பு, இதயத்து வால்வையும் சேர்த்துக் காயப்படுத்திவிடுகிறது. மூட்டு வீக்கம் தடம் தெரியாமல் போய்விடும், வால்வில் பட்டது நின்றுவிடும். கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பிள்ளைக்கு இப்படி மூட்டு மாற்றி மூட்டு வீங்கினால் தைலத்தோடு இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

21 நாளுக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி. நாட்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பாள். நாங்கள் கடலுக்குப் போகிற நாட்களுக்குப் புள்ளி. வட்டமும் புள்ளியும் ஒரே நாளில் விழுந்தால், என் கைக்குத் துணி கட்டிவிட்டுத்தான் ஊசிக்குக் கிளம்புவாள்.

கரையில் உட்கார்ந்து தீவுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். எங்களுக்கு நேரே அப்பா தீவு, தலையாரி, முள்ளி எல்லாம் இருக்கின்றன. பூவரசன்பட்டித் தீவு எங்கே என்று ஒரு நாள் கேட்டாள். அது முங்கிப்போச்சு, ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள், தீவு நிற்கவில்லை என்றேன். தூத்துக்குடிப் பக்கம் விலங்குச்சல்லியும் அப்படித்தான் போனது. "அப்போ 19 தானே அத்தை? ஏன் 21-ன்னு சொல்றாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வால்வு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்பே ஒரு ராத்திரி மூச்சு முட்டியது. ராமநாதபுரத்தில் இருந்து மதுரைக்குக் கொண்டு போனோம். பரமக்குடி தாண்டியதும் என் கையைப் பிடித்திருந்த அவள் பிடி தளர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

வலது கைத் துணியை இப்போது பல்லால் கடித்து இழுத்துக் கட்டிக்கொள்கிறேன். படகில் ஒரு பிள்ளை, நான் கட்டிவிடட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன்.

போன மாதம் வீட்டுக்கு ஒரு பெண் விவரம் எழுத வந்தது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டது. மூன்று என்றார் அண்ணி. பையன்கள் இரண்டு பேரையும் எழுதிவிட்டு, மூன்றாவது பெயருக்குப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணி பெயரைச் சொன்னார்.

"வயசு?"

"பதினாறு" என்றார் அண்ணி.