நிலாவரைப் பொடி வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது?

[காட்சி: கும்பகோணத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடை]

"ரொம்ப நாளா மலச்சிக்கலுங்க" என்று போய் நின்றால், கடைக்காரர் பெரும்பாலும் மடித்துக் கொடுப்பது நிலாவரைப் பொடிதான். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் விளையும் இலை. வெளிநாட்டுச் சந்தையிலும் இதற்குத் திருநெல்வேலி சென்னா என்றே பெயர்.

இதை ராத்திரி படுக்கும்போது சாப்பிடச் சொல்வார்கள். ஏன் ராத்திரி?

[வரைபடம்: இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல்]

இலையில் உள்ள சென்னோசைடு என்ற பொருளோடு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரிதாக எதுவும் நடக்காது. பெருங்குடலுக்கு வந்ததும் அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை வெட்டிவிடும். அப்போதுதான் உண்மையான மருந்து பிறக்கிறது. அது குடல் சுவரைத் தூண்டி மலத்தைத் தள்ள வைக்கும். தண்ணீரைக் குடல் திரும்ப உறிஞ்சாமலும் தடுக்கும். இதற்கெல்லாம் 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் விடியலில் வேலை செய்யும்.

விளக்கெண்ணெய் வேறு வழி. சிறுகுடலிலேயே உடைந்து ரிசினோலிக் அமிலமாகி, சில மணி நேரத்தில் பேதியாகும். அது தினமும் குடிக்கிற மருந்தே இல்லை. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கருப்பையையும் சுருங்க வைக்கும்.

சரி, நிலாவரையைத் தினமும் சாப்பிடலாமா? என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். ஒரு வாரத்துக்கு மேல் வேண்டியிருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் குடலின் உள்சுவர் பழுப்பாகிக் கறுத்துப்போகும். நிறுத்தினால் அந்தக் கறுப்பு மெல்ல மறையும். அதைவிடப் பெரிய விஷயம் பொட்டாசியம் என்ற தாது உப்பு. அளவு மீறி வயிறு போகும்போது தண்ணீரோடு அதுவும் போய்விடும். சித்திரை வெயிலில் வயலில் வியர்வை சிந்துகிறவர், சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர், இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர், இவர்களுக்கெல்லாம் பொட்டாசியம் குறைவது இதயத் துடிப்பையே பாதிக்கும்.

[காட்சி: தண்ணீரில் ஊறி வழவழப்பாகும் இசப்கோல்]

நெடுநாள் சிக்கலுக்கு நான் முதலில் சொல்வது இசப்கோல் என்ற விதை உமி. குடலைத் தூண்டாது, தண்ணீரை இழுத்து ஊதி, மலத்தை மிருதுவாக்கும். பலன் தெரிய இரண்டு மூன்று நாளாகலாம், பொறுத்திருங்கள். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் சாப்பாடு. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் என்றால் நார்ச்சத்து எங்கிருந்து வரும்? திருவையாறு பக்கம் வாழைத்தண்டுக்குப் பஞ்சமில்லை. சம்பா அறுப்புக்குப் பிறகு வயலில் விளைகிற பச்சைப்பயறு இருக்கிறது. தோலோடு வேகவையுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு குறைவு, சர்க்கரை நோய் இவற்றாலும் மலம் கட்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாந்தியோடு வயிறு உப்புவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய சிக்கல் என்றால் எந்தப் பொடியும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.